தரை பொய் சொல்லுமா?

அமெரிக்காவில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில், வீட்டோடு ஒட்டிய கராஜை ஆள் குடியிருக்கும் அறையாக மாற்றுவது இப்போது பரவலான வழக்கம். வயதான பெற்றோருக்கு ஓர் அறை வேண்டும், வளர்ந்த பிள்ளைக்குத் தனி இடம் வேண்டும், வாடகைக்கு விட்டால் வீட்டுக் கடனுக்குக் கைகொடுக்கும் என்று காரணங்கள் வெவ்வேறு. கராஜைத் தனிக் குடியிருப்பாக மாற்றுபவர் காருக்கு மாற்று இடம் காட்டவேண்டும் என்று உள்ளூராட்சிகள் நிபந்தனை போடக் கூடாது என 2020 முதல் மாநிலச் சட்டம் சொல்லிவிட்டதால் வேலை இன்னும் சுலபமாயிற்று. பெரிய கதவு இருந்த இடத்தில் சுவரும் சன்னலும் வந்து, மின்கம்பி இழுத்து, வண்ணமடித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். இத்தனை வருடம் கார் நின்ற கான்கிரீட் தளத்தின் மேல் என்ன போடுவது? பீங்கான் டைல்ஸ், தக்கை, கம்பளம், லேமினேட் எனப் பலவும் உண்டு. ஆனால் கடைக்குள் நுழைந்ததும் வரிசை வரிசையாகக் கண்ணில் படுவது மரம்போல அச்சடித்த வினைல் பலகை. மரமில்லாத ஒன்றுக்கு மர முகம் கொடுத்து, எண்ணெய்க் கறை படிந்த தரையை அதனால் மூடிவிட்டு, இனி இது ஓர் அறை என்று சொல்வது ஏமாற்று வேலையா? ரசனை சார்ந்த விஷயம், அவரவர் விருப்பம் என்று இதைத் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் பொருள்களின் வாய்மையை அறக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு வாதிட்டவர்கள் இருக்கிறார்கள். சுவர்ப் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சமய நூல்கள் அவர்களுக்கு வெகுகாலம் முந்தியே கேட்டிருக்கின்றன. தரையின் பொய்யை அதன் தோற்றத்தில் தேடுவது தவறான இடத்தில் தேடுவது என்பது என் வாதம். கீழே நடப்பதை மேலே வாழ்பவரிடமிருந்து மறைக்கும்போதுதான் ஒரு தரை பொய்யாகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான குரல் ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினுடையது. 1849இல் வெளிவந்த ‘கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்’ என்ற நூலில் ஒரு விளக்குக்கு அவர் வைத்த பெயர் வாய்மை. கட்டடம் செய்யும் ஏமாற்றுகளை அவர் மூன்றாகப் பிரித்தார்: தாங்காத ஒன்றைத் தாங்குவதுபோல் காட்டுவது, ஒரு பொருளின் மேல் வேறொரு பொருளைப்போல் வண்ணம் தீட்டுவது, இயந்திரத்தில் வார்த்த அலங்காரத்தைக் கைவேலைக்குப் பதிலாக வைப்பது. அச்சடித்த வினைல் பலகை இந்தப் பட்டியலில் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒருசேர அகப்படும். ஆனால் அதே அத்தியாயத்தில் ரஸ்கின் ஒரு விலக்கும் கொடுத்திருக்கிறார். அதைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். கட்டடத்தில் தங்கம் பூசுவது ஏமாற்றாகாது, அதை யாரும் கெட்டித் தங்கம் என்று நினைப்பதில்லை என்கிறார். நகையில் பூசினால் ஏமாற்று, ஏனென்றால் அங்கே தங்கம் என்றே நினைப்பார்கள். செங்கல்லின் மேல் காரை பூசுவதும் அவருக்குக் குற்றமில்லை. ஆக, ரஸ்கினே தோற்றத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவில்லை, பார்ப்பவர் எதை நம்பிவிடுவார் என்பதை வைத்துச் சொல்கிறார். இந்த அளவுகோலை இன்றைய கராஜ் அறைக்குள் கொண்டுவந்தால் தீர்ப்பு மாறும். உள்ளே வரும் விருந்தாளி, காலடியில் கிடப்பது ஓக் மரத்தில் அறுத்த பலகை என்று ஏமாறுவது அரிது. சந்தேகமென்றால் குனிந்து பார்த்தால் போதும். சன்னலோரப் பலகையில் இருக்கும் முடிச்சு, அதே வளைவோடும் அதே கீறலோடும், சில பலகை தள்ளி மறுபடி கிடக்கும். அச்சு ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கிய இடம் அது. எந்த மரமும் ஒரே முடிச்சை இரண்டு தடவை போடுவதில்லை என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

அரை நூற்றாண்டு கழித்து, 1898இல், வியன்னாவில் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லோஸ் இந்த விதியை இன்னும் கூர்மையாக்கினார். போர்த்துவது தவறில்லை, மனிதன் முதலில் தேடியதே கதகதப்பான போர்வையைத்தான், அதைத் தாங்க ஒரு சட்டம் வேண்டும் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது என்பது அவர் கணக்கு. ஆனால் போர்வையையும் போர்த்தப்பட்டதையும் ஒன்றென மயங்க இடம் தரக் கூடாது. மரத்துக்கு எந்த நிறமும் அடிக்கலாம், மர நிறத்தை மட்டும் அடிக்கக் கூடாது. இந்த விதியின் எழுத்தை அப்படியே பிடித்தால் விந்தையான முடிவு வருகிறது. கான்கிரீட்டின் மேல் மர முகமுள்ள வினைலைப் போட்டால் யாரும் அதைக் கான்கிரீட் என்று மயங்கமாட்டார்கள், ஆகவே அது தப்பித்துக்கொள்ளும். இன்று சாம்பல் நிறத்தில், கான்கிரீட்போலவே தோன்றும் டைல்ஸ் விற்கிறார்களே, அதைக் கான்கிரீட்டின் மேல் ஒட்டுவதுதான் நேரடியான விதிமீறல். லோஸ் போலிப் பொருள்கள் எதையுமே விரும்பியவரில்லை, வினைலையும் அவர் மன்னித்திருக்கமாட்டார். ஆனாலும் இந்தச் சிக்கல் ஒன்றை உணர்த்துகிறது. தோற்றத்தை வைத்து எவ்வளவு கவனமாக விதி எழுதினாலும், குற்றமில்லாதது மாட்டிக்கொள்கிறது, குற்றம் தப்பித்துவிடுகிறது.

சரி, போலியே கூடாது, மூலப்பொருள் மட்டும் இருக்கட்டும் என்று கறாராகச் சொல்லிப் பார்க்கலாம். அப்போது முதலில் வெளியேற வேண்டியது கான்கிரீட்தான். 1824இல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசஃப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியபோது, செயற்கைக் கல் தயாரிக்கும் முறையில் ஒரு மேம்பாடு என்றுதான் அதற்குத் தலைப்புக் கொடுத்தார். இறுகிய பிறகு போர்ட்லாண்ட் தீவில் வெட்டும் கட்டடக் கல்லைப் போல இருக்கிறது என்பதால் வந்தது அந்தப் பெயர். இன்று நேர்மையான, முகப்பூச்சு இல்லாத பொருள் என்று கட்டடக் கலைஞர்கள் கொண்டாடும் கான்கிரீட்டின் உயிர்ப்பொருள், இன்னொரு கல்லின் சாயலை விளம்பரமாக வைத்துக்கொண்டுதான் உலகத்துக்கு வந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால் மாமல்லபுரத்துக்கு வரலாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததைப் பெருமையோடு மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அறிவித்தவன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். அவன் வழிவந்த பல்லவர் காலத்துச் சிற்பிகள் 7ஆம் நூற்றாண்டில் மாமல்லபுரத்தில் ஒரே பாறையில் குடைந்த திரௌபதி ரதத்தின் கூரை, ஓலைக் குடிசையின் கூரை. வளைந்து இறங்கும் சரிவும் விளிம்பு வேலைப்பாடும் கருங்கல்லில். மரத்தைக் கைவிட்ட பிறகும் மரமும் ஓலையும் தந்த வடிவத்தை அவர்கள் கைவிடவில்லை. உள்ளே கொற்றவை நிற்கிறாள். கல்லை ஓலை என்று சொல்லி அவளை ஏமாற்றினார்கள் என்று யாரும் சொல்வதில்லை. பழகிய வடிவத்தைப் புதிய பொருளில் தொடர்வது மனிதக் கையின் பழைய குணம். வினைல் பலகைக்கு அந்தச் சிற்பத்தின் மேன்மை உண்டு என்று நான் சொல்லவில்லை. ஒத்திருப்பது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைப் பொய் என்று சொன்னால், அந்த ரதத்தையும் பொய் என்று சொல்லவேண்டி வரும் என்கிறேன்.

அத்வைதிகள் இந்த இடத்தில் ஒரு பயனுள்ள வேறுபாட்டைத் தருகிறார்கள். கயிற்றைப் பாம்பு என்று மயங்கினால், விளக்கைக் கொண்டுவந்ததும் பாம்பு போய்விடுகிறது. ஆனால் செம்பருத்திப் பூவின் பக்கத்தில் வைத்த படிகம் சிவப்பாகத் தெரிகிறதே, அது வேறு வகை. படிகத்துக்கு நிறமில்லை என்று நன்றாகத் தெரிந்த பிறகும், பூ பக்கத்தில் இருக்கும்வரை சிவப்பு தெரிந்துகொண்டுதான் இருக்கும். தோற்றம் நீங்கவில்லை, ஆனால் தெரிந்தவனை அது பிடித்துவைப்பதில்லை. முன்னதை நிருபாதிக மயக்கம் என்றும் பின்னதைச் சோபாதிக மயக்கம் என்றும் பிரித்தார்கள். வினைலின் மர முகம் இரண்டாவது வகை. அறையில் வாழ்பவர் தன் கையால் பெட்டி பிரித்து, தன் கத்தியால் கீறி உடைத்து, ஒவ்வொரு பலகையாகப் பூட்டியிருப்பார். அது பிளாஸ்டிக் என்பது அவருக்குத் தெரியும், மரமாகவும் தெரிந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒன்றாக இருப்பதில் முரண்பாடு இல்லை. அறிவு வந்த பிறகும் நீடிக்கும் தோற்றத்தை யாரும் பொய் என்று குற்றம் சாட்டுவதில்லை. ஆனால் அதே தரையில் முதல் வகை மயக்கமும் ஒளிந்திருக்க முடியும். அது கண்ணுக்குத் தெரியும் அச்சில் இல்லை, காலுக்குக் கீழே, தளத்துக்குள் இருக்கிறது. அதைப் பார்க்க விளக்கு வேண்டும்.

ஒரு கராஜ் தளம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகளின்படி, குடியிருக்கும் பகுதிக்குக் கான்கிரீட் போடும்போது மண்ணுக்கும் தளத்துக்கும் நடுவே ஈரம் ஏறாதபடி பிளாஸ்டிக் தாள் விரிக்க வேண்டும். கராஜுக்கு அதில் விலக்கு உண்டு, கார் ஈரத்தைப் பற்றிப் புகார் சொல்லாது. ஆகவே பழைய கராஜ்கள் பலவற்றில், நாலு அங்குலக் கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது. கான்கிரீட் கல்லைப்போல் இருந்தாலும் நுண்துளைகள் நிறைந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மண்ணின் ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். இருந்தும் கராஜ் தரை உலர்ந்தே தெரிகிறது. காரணம், ஏறிவரும் ஈரம் மேற்பரப்பில் காற்றோடு போய்விடுகிறது. தளத்தின் அடிப்பகுதி நனைந்தும் மேற்பகுதி காய்ந்தும் இருக்கும். இதன் மேல் ஈரம் புகாத வினைலை விரித்தவுடன் போக்கிடம் அடைபடுகிறது. அடியில் இருந்த ஈரம் மெதுவாகப் பரவி மேலேயும் சமமாகிறது. நேற்றுவரை காய்ந்திருந்த மேற்பரப்பு, மூடியதாலேயே ஈரமாகிறது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை pH அளவில் 12க்கும் 13க்கும் நடுவே இருக்கும். அந்தக் காரத்தைக் கரைத்துக்கொண்டு மேலே வரும் ஈரம் பசையை அரிக்கும். மரத்தால் ஆன எதுவாக இருந்தாலும் ஈரம் குடித்து ஓரங்கள் தூக்கும். வினைல் தானாக அழுகாது, ஆனால் அதன் அடியில் சிக்கிய தூசியிலும் அட்டையிலும் பூஞ்சணம் பிடிக்கும். கார் சொட்டிய எண்ணெய் ஊறிய இடத்தில் பசையே ஒட்டாது. அந்த இடத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டால், கான்கிரீட் அதைக் குடிக்காமல் தாமரை இலைபோல உருட்டிவைத்துக்கொள்ளும். மேலே பளபளவென்று ஓக் முகம், கீழே ஓதம். மேலே படுத்திருக்கும் பாட்டிக்கு அந்த வாசனை முதலில் தெரியும், பிறகு இருமல் தெரியும். அறை முழுக்க எத்தனை போலி முடிச்சு இருந்தாலும் அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவர் உடம்பைத் தொடுவது அந்த ஓதம்தான்.

மூடுவது மூடப்பட்டதை மாற்றுகிறது என்ற இந்த உண்மையைத் தரை பதிப்பவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். அதனால்தான் முறையான சோதனை மேற்பரப்பை நம்புவதில்லை. தளத்தில் துளையிட்டு, அதன் கனத்தில் மேலிருந்து 40 சதவீத ஆழத்தில் கருவியை இறக்கி ஈரப்பதம் பார்க்கிறார்கள். மூடிய பிறகு மேலே எவ்வளவு ஈரம் இருக்கும் என்பதை அந்த ஆழம் முன்கூட்டியே சொல்லும் என்பது கணக்கு. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பை உவமை சொல்வார்கள். அது வெளியிலிருந்து வந்து படிந்த தூசு இல்லை, செம்போடு கூடவே இருப்பது, துடைத்தால் போகாது, மேலே பொன் பூசினால் மறையும், அவ்வளவுதான். கான்கிரீட்டின் ஈரத்தைப் பற்றியும் அப்படியே நினைக்கவேண்டியிருக்கிறது. தரையைத் துடைத்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்று சொல்பவர் செம்பைத் துடைத்தவர்.

மேற்பரப்பைப் பற்றி எழுதப்பட்ட சமயச் சட்டங்களில், என் பார்வையில், மிகவும் அறிவுள்ளது விவிலியத்தில் லேவியராகமத்தின் 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பிடிக்கும் குஷ்டத்தைப் பற்றிய பகுதி அது. வீட்டுச் சுவரில் ஏதோ தோஷம் தெரிகிறது என்று வீட்டுக்காரர் தாமே போய் ஆசாரியனிடம் சொல்ல வேண்டும். அவன் வருமுன் வீட்டிலுள்ள சாமான்களை வெளியே எடுத்துவிட வேண்டும், அவையும் தீட்டாகிவிடக் கூடாது என்று. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ, மேற்பரப்பைவிடத் தாழ்ந்த குழிகள் தெரிந்தால் ஏழு நாள் வீட்டைப் பூட்டிவைக்க வேண்டும். திரும்பி வந்து பார்க்கும்போது அது பரவியிருந்தால், அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே போட்டு, உட்சுவர் முழுவதையும் சுரண்டி, சுரண்டிய மண்ணையும் வெளியே கொட்டி, வேறு கல் வைத்து வேறு பூச்சு பூச வேண்டும். அதன் பிறகும் திரும்ப வந்தால் வீட்டை இடிக்க வேண்டும். இந்த வரிசையைக் கவனித்துப் பாருங்கள். பூச்சு பூசுவதை அந்தச் சட்டம் எங்கேயும் குற்றமாக்கவில்லை, பூசச் சொல்கிறது. ஆனால் பார்ப்பது, பூட்டுவது, காத்திருப்பது, பெயர்ப்பது, சுரண்டுவது எல்லாம் முடிந்த பிறகுதான் பூச்சு. பூசிய பிறகும் ஒரு தடவை வந்து பார்க்கிறான். இதைச் சடங்கு என்று சொல்லலாம், கட்டட அறிவியல் இல்லை என்றும் சொல்லலாம். அப்படியொரு வீடு இருந்ததே இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை, கற்றுப் பயன் பெறவே அந்தச் சட்டம் என்று தால்மூதில் ஒரு கருத்தும் உண்டு. இருக்கட்டும். கற்பதற்கென்றே கொடுத்த சட்டம் என்றால் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த வரிசையைத்தான். கான்கிரீட்டின் மேல் பதினெட்டு அங்குலச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிப் பதினாறு மணி நேரம் மூடிவைத்து, பிரித்துப் பார்க்கும்போது அடியில் வியர்த்திருக்கிறதா, கான்கிரீட் கறுத்திருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. அதற்கும் ஆசாரியன் வீட்டைப் பூட்டிவைத்ததற்கும் அடிப்படை ஒன்றே: மூடிவைத்துக் காத்திரு, பிறகு பார். (தாள் காய்ந்திருப்பதை மட்டும் வைத்து ஈரமே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது, அதற்குத் துளையிடும் சோதனை வேண்டும். தாள் நனைந்திருந்தால் ஐயமே வேண்டாம்.)

இதே நூல் மரபில் பூச்சின் மேல் கடுமையான சொல் ஒன்றும் உண்டு. மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு கபடக்காரர்களை வெள்ளையடித்த கல்லறைகளுக்கு ஒப்பிடுகிறார். வெளியே அழகு, உள்ளே எலும்பு. அன்றிலிருந்து வெள்ளையடிப்பது பாசாங்கின் அடையாளமாகிவிட்டது. ஆனால் யூத வழக்கத்தில் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்ததன் நோக்கம் என்ன? ஆண்டுதோறும் ஆதார் மாதத்தில் அடையாளம் போட்டதாக மிஷ்னா சொல்கிறது. தெரியாமல் மிதித்து யாரும் தீட்டுப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக அது. உள்ளே இருப்பதை மறைக்க அடித்ததில்லை, உள்ளே இருப்பது இன்னது என்று வழிப்போக்கனுக்குச் சொல்ல அடித்தது. ஒரே சுண்ணாம்பு, ஒரே வெண்மை. ஒரு இடத்தில் அது எச்சரிக்கை, இன்னொரு இடத்தில் அது ஏமாற்று. பொருளில் வேறுபாடு இல்லை, நிறத்தில் வேறுபாடு இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியவருக்குத் தெரிகிறதா என்பதில்தான் வேறுபாடு. கலிஃபோர்னியாச் சட்டமும் இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. வீட்டை விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளை எழுதித்தர வேண்டிய படிவத்தில், அனுமதி வாங்காமல் செய்த மாற்றங்கள் உண்டா, தண்ணீர் தேங்குமா, வடிகால் சிக்கல் உண்டா, பூஞ்சணம் உண்டா என்ற கேள்விகள் இருக்கின்றன. தரையின் மர முகம் உண்மை மரமா என்ற கேள்வி அதில் இல்லை.

கல்லும் பிளாஸ்டிக்கும் பேசுவதில்லை, பேசாத ஒன்றுக்கு வாய்மை ஏது, பொய் ஏது என்ற ஆட்சேபம் இங்கே எழும். இது நியாயமானது. அகஸ்டின் ‘பொய்யைப் பற்றி’ என்ற சிறு நூலில், பொய் என்பதை ஏமாற்றும் எண்ணத்தோடு பிணைத்தார். தவறானதை உண்மை என்று நம்பிச் சொல்பவன் பொய்யனாகமாட்டான். தரைக்கு எண்ணமில்லை, ஆகவே தரை பொய் சொல்லாது என்பது சரி. ஆனால் தரையைப் போடுபவருக்கு எண்ணமுண்டு, தரை அவருடைய வாக்குமூலம். அவர் அதன் மூலம் எதைச் சொல்கிறார் என்று கேட்டால், இது ஓக் என்று சொல்வதாக நான் நினைக்கவில்லை. இங்கே படுக்கலாம், குழந்தையைத் தவழவிடலாம் என்று சொல்கிறார். அந்தச் சொல் உண்மையா என்பதுதான் கேள்வி. திருக்குறளின் வாய்மை அதிகாரம், நடந்ததை நடந்தபடி சொல்வது என்று வாய்மையை வரையறுக்காமல், பிறருக்குத் தீங்கு வராதபடி சொல்வது என்று தொடங்குகிறது. சொல்லைக் கேட்பவரின் மேல் என்ன வந்து விழுகிறது என்பதிலிருந்து வாய்மையை அளக்கும் அந்தப் பார்வை, வீடு கட்டுபவருக்கு ரஸ்கினின் பட்டியலைவிட அதிகம் உதவும். சோதிக்காமலே, ஒன்றும் இருக்காது என்று நம்பிப் போட்டவர் பொய்யராவாரா? அகஸ்டினின் கணக்கில் ஆகமாட்டார். ஆனால் பார்க்க முடிந்ததைப் பார்க்காமல் இருந்தது அவருடைய தேர்வு, அந்தத் தேர்வுக்கு அவர் பொறுப்பு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் தத்துவவாதி கான்ட் தருவது. 1790இல் வெளிவந்த ‘தீர்ப்பாற்றலின் விமர்சனம்’ நூலில் ஒரு விடுதிக்காரனைப் பற்றிச் சொல்கிறார். நாட்டுப்புறக் காற்றை அனுபவிக்க வந்து தங்கிய விருந்தினருக்காக, நைட்டிங்கேல் பறவையின் ஓசையை எழுப்பத் தெரிந்த ஒரு பையனைப் புதருக்குள் உட்காரவைக்கிறான். ஓசை அதே ஓசை. ஆனால் பையன் என்று தெரிந்த கணத்தில் யாராலும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை, ஆனாலும் ஏதோ ஒன்று கெட்டுவிட்டது. அப்படியானால் போலி மரமும் தீங்கு செய்யாமலே எதையோ கெடுக்கிறது என்றாகாதா? இதை நான் முழுக்க மறுக்கவில்லை. மரத்தோடு இருக்கவேண்டும் என்ற ஏக்கத்தோடு ஒருவர் அச்சடித்த பலகையைப் போட்டால், அவர் புதருக்குள் பையனை உட்காரவைத்திருக்கிறார். நாள்பட நாள்பட, நிஜ மரத்தை எடுத்துக் காட்டினாலும் அவர் கண் அதை அடையாளம் காணாமல் போகக்கூடும். அது இழப்புத்தான். ஆனால் கராஜை அறையாக்குபவர்களில் பெரும்பாலோர் காட்டைக் கேட்பதில்லை. பாதத்துக்குச் சில்லிடாத, துடைக்கச் சுலபமான, கையிருப்புக்குள் அடங்கும் ஒரு தரையைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு மர முகம் என்பது சேலைக் கரையில் நெய்த மாங்காய் மாதிரி ஓர் உரு. கரையில் மாங்காய் இருப்பதால் யாரும் பறிக்கப் போவதில்லை. என் விருப்பத்தைக் கேட்டால், எந்த மரத்தின் முகமும் இல்லாத, தன் நிறத்திலேயே இருக்கும் லினோலியமோ தக்கையோ போடுவேன், லோஸ் பக்கம்தான் நிற்பேன். அது விருப்பம். அதை வைத்து அண்டை வீட்டாரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கான்கிரீட்டை மூடாமல் தேய்த்துப் பளபளப்பாக்கி அப்படியே விட்டுவிடுவதுதான் முழு உண்மை என்பவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு நன்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஈரம் வந்தால் கண்ணில் படும், உப்புப் பூத்தால் தெரியும், விரிசல் விட்டால் தெரியும். ஆனால் தேய்த்த கான்கிரீட் என்பது தளத்தின் பழைய முகம் இல்லை. மேல் தோலை இயந்திரத்தால் அரைத்து எடுத்து, உள்ளே புதைந்திருந்த ஜல்லியை வெளியே கொண்டுவந்து, வேதிப்பொருள் ஊற்றி இறுக்கி, மேலே இன்னொரு பூச்சு பூசிய முகம். அதுவும் செய்து எடுத்த முகமே. வெறுமையாக இருக்கிறது என்பதால் மட்டும் அது மற்றதைவிட உண்மையாகிவிடாது. முட்டியில் வலியுள்ளவர் குளிர்காலத்தில் அதில் நடக்கவேண்டும் என்பதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

கராஜ் தன் பழைய வாழ்க்கையை மறக்கவைப்பது தவறா என்று கேட்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது. கார் கொண்டுவரும் தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்பதற்காகக் கராஜ் தளத்தைக் கதவுப் பக்கம் வாட்டம் வைத்துப் போடுவார்கள். அடிக்கு அரைக்கால் அங்குலம் என்ற வழக்கமான கணக்கில், இருபது அடிக்கு இரண்டரை அங்குலம் இறங்கும். அதை மட்டப்படுத்தாமல் கட்டில் போட்டால் படுப்பவருக்கு ஒவ்வொரு இரவும் தெரியும். மட்டப்படுத்துவது மறதியாக இருக்கலாம், பொய் இல்லை. இடத்துக்கு இறந்தகாலத்தை நினைவில் வைத்திருக்கும் கடமை எதுவும் கிடையாது. ஆனால் வாட்டத்தை எடுத்துவிட்டு, வெளியே வண்டிப்பாதையில் வரும் மழைநீர் எங்கே போகும் என்று பார்க்காமல் விட்டால் அது வேறு கதை. அது மறுபடியும் கீழே நடப்பதை மறைத்த கதை.

ஆகவே கராஜை அறையாக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாதிரிப் பலகைகளைப் புரட்டிப் பார்க்கும் முன்னால் கான்கிரீட்டைப் பாருங்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், தாளை ஒட்டி வையுங்கள், காய்ந்திருந்தாலும் துளையிட்டுச் சோதிக்க ஆள் கூப்பிடுங்கள், ஈரத்துக்குத் தடை போட்ட பிறகு எந்த முகம் வேண்டுமோ அதைப் போடுங்கள். கடைசியில், எந்தத் தேதியில் சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள், தரைக்கு அடியில் என்ன விரித்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு மூன்று புகைப்படங்களோடு வீட்டுப் பத்திரங்களில் சேர்த்துவையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த அறையில் படுப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அவர் அந்தத் தாளைப் படிக்கட்டும்.